கடைசியாக உண்பவள்

நேபாளத்தின் வடமேற்கே உள்ளது கர்னாலி மாகாணம். ஹும்லா, ஜூம்லா, முகு ஆகிய அதன் மலை மாவட்டங்களில் சரிவுகளை வெட்டி அமைத்த சிறு வயல்களிலே மக்கள் பயிரிடுகிறார்கள். பல குடும்பங்களுக்கு அந்த விளைச்சல் ஆண்டு முழுவதற்கும் போதாது. பாதை எட்டாத இடங்களுக்கு அரசாங்கம் பல பத்தாண்டுகளாக விமானத்தில் அரிசி அனுப்பி வந்திருக்கிறது.

அரிசி போய்ச் சேர்ந்தால் பசி தீரும் என்று பலரும் நினைக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூட்டை வீட்டுக்கு வருவது ஒன்று, சோறு தட்டுக்கு வருவது வேறு. அங்கே பல வீடுகளில் ஆண்களும் மாமியாரும் பிள்ளைகளும் உண்ட பிறகே மருமகள் உண்பாள். பருப்பு தீர்ந்திருந்தால் அவளுக்கு வெறுஞ்சோறுதான். கணவன் கூலி தேடி இந்தியாவுக்குப் போயிருக்க, களை பிடுங்குவதும் விறகு சுமப்பதும் அவளே. 2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில், நேபாளப் பெண்களில் 15 முதல் 49 வயது வரையானோரில் நூற்றுக்கு 41 பேருக்கு இரத்தச்சோகை இருந்தது.

இப்பகுதியின் சில சமூகங்களில் சௌபடி என்ற வழக்கமும் உண்டு. மாதவிடாய் நாட்களிலும் பிரசவத்தின் பின்னரும் பெண்ணை வெளியே ஒரு குடிசையில் தங்க வைப்பார்கள். பாலும் தயிரும் கொடுக்க மாட்டார்கள். பிள்ளை பெற்றவளுக்கு நாம் தேடித்தேடி ஊட்டும் நேரத்தில் அங்கே அவளுக்கு மறுக்கிறார்கள்! 2017இல் இதைக் குற்றமாக்கி, 3 மாதச் சிறை அல்லது 3,000 ரூபாய் தண்டம் என்று சட்டம் இயற்றினார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு கோப்பைப் பாலுக்காகப் பொலிஸ் வீடு வீடாக நிற்க முடியாது.

மாமியாரை மட்டும் குறை சொல்வது எளிது. அவரும் ஒரு காலத்தில் கடைசியாக உண்ட மருமகள்தான். நம் வீடுகளிலும், நோன்பு திறக்கும் நேரத்தில் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டபடியே அடுப்படிக்கு ஓடும் உம்மாமார் எத்தனை பேர்?

இன்னொரு வருத்தம், வெள்ளை அரிசி வரவர, மலையில் விளையும் குரக்கன் ஏழைகளின் சாப்பாடு என்று மதிப்பிழந்தது. அரிசியைவிடப் பல மடங்கு கல்சியம் உள்ள தானியம் அது. நிவாரணம் கொடுப்போர் அந்தக் குரக்கனையும் போஞ்சி விதையையும் அவ்வூர்ப் பெண்களிடமே விலைக்கு வாங்கிப் பங்கிடலாம். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உரியதை வீட்டுக் கணக்கில் சேர்க்காமல் அவள் பெயரிலேயே கொடுக்கலாம். அதை அவள் உண்டாளா என்று மாமியாரிடமும் கணவனிடமும் போய்க் கேட்கலாம்.