பாராளுமன்றக் குழுவும் நம் வீட்டு விதை நெல்லும்

"டில்லியில் பாராளுமன்றம் கூடினால் நம் கிணற்றில் தண்ணீர் ஊறுமா?" என்று டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு. விளைந்த நெல்லில் கொஞ்சம் எடுத்து வைத்து அடுத்த பட்டத்திற்கு விதைக்கிறோமே, அந்த உரிமை சட்டத்தில் ஏறிய கதையை அவர்கள் அறிய வேண்டும்.

1999 டிசம்பரில் பயிர் இரகப் பாதுகாப்பு மசோதா மக்களவைக்கு வந்தது. புதிய இரகத்தை உண்டாக்கியவருக்கு உரிமை வழங்குவதே அதன் முக்கிய நோக்கம். அன்றே கையைத் தூக்கி நிறைவேற்றிவிடவில்லை. இரு சபை உறுப்பினர்களும் அடங்கிய கூட்டுக் குழுவிற்கு அனுப்பினார்கள். குழு பல தரப்பாரையும் விசாரித்து 2000 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. விவசாயிகளின் உரிமைக்கென்று தனி அத்தியாயமே சேர்ந்தது. 2001-ல் வந்த சட்டத்தின் பெயரிலேயே உழவர் உரிமை இடம் பெற்றுவிட்டது. அதன் 39-வது பிரிவுப்படி, பதிவு பெற்ற இரகமானாலும் தன் வயலில் விளைந்த விதையை விவசாயி சேமிக்கலாம், விதைக்கலாம், பக்கத்துக் காட்டுக்காரருடன் மாற்றிக் கொள்ளலாம், விலைக்கும் கொடுக்கலாம். இரகத்தின் பெயரை அச்சிட்டுப் பையில் அடைத்து விற்பது மட்டும் கூடாது.

2020-ல் நடந்ததோ வேறு. மூன்று வேளாண் சட்டங்கள் ஜூனில் அவசரச் சட்டங்களாக வந்தன. செப்டம்பரில் அவற்றுக்கான மசோதாக்கள் எந்தக் குழுவிற்கும் போகவில்லை. 20-ஆம் தேதி மாநிலங்களவையில் ஓட்டுக்களை எண்ணும்படி எதிர்க்கட்சியினர் கேட்டும், இரண்டு மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமும் கிடையாது. பிறகு டில்லி எல்லையில் விவசாயிகள் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பர் 29-ல் சட்டங்களை ரத்து செய்த மசோதாவும் விவாதமின்றி ஒரே நாளில் இரு சபைகளையும் கடந்தது. சட்டங்கள் நல்லவையா கெட்டவையா என்பதில் விவசாயிகளிடையே இரு கருத்து உண்டு. அந்த வழக்கை இங்கு எடுக்கவில்லை. சபைக்குள் பேசித் தீர வேண்டியது ரோட்டுக்கு வந்ததே என்பதுதான் என் குறை.

குழுவுக்குப் போனால் தாமதமாகும் என்பார்கள். ஆகட்டுமே. நாற்றங்காலில் நாற்று முற்றும் வரை நாம் பொறுப்பதில்லையா?

குழுக்கள் மசோதாவை ஆராயும்போது பொதுமக்களின் கருத்தைக் கேட்டுப் பத்திரிகைகளில் அறிவிப்பு வெளியிடுவது வழக்கம். அதைக் கண்டால் சங்கத்தில் நாலு பேர் சேர்ந்து மனு எழுதுங்கள். எத்தனை ஏக்கர், என்ன செலவு, என்ன விலை கிடைத்தது என்று விவரமாகவே எழுதுங்கள். நகல் ஒன்றைத் தொகுதி எம்.பி.க்கும் அனுப்பி, அவர் ஊர்ப்பக்கம் வரும்போது என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.