எட்டு மணிச் சண்டை

பிலடெல்பியாவில் இரவு 9 மணி என்றால் மட்டாஞ்சேரியில் மறுநாள் காலை 6.30. பஜார் ரோட்டின் மிளகு, சுக்குக் கிடங்குகள் கதவு திறக்காத நேரம். 2024 செப்டம்பரில் டொனால்ட் டிரம்பும் கமலா ஹாரிஸும் மேடையில் கைகுலுக்கியதை, மனமிருந்தால், நாளின் முதல் சாயாவோடு இங்கே நேரடியாகப் பார்த்திருக்கலாம். அமெரிக்காவில் அதைப் பார்த்தவர்கள் சுமார் 6.7 கோடிப் பேர். பார்த்தவர்களிடம் உடனே எடுத்த கருத்துக் கணிப்புகளில் ஹாரிஸ் ஜெயித்தார். சரியாக எட்டு வாரம் கழித்து நடந்த தேர்தலில் டிரம்ப் ஜெயித்தார்.

டி.வி. விவாதம் ஓட்டைப் புரட்டிப் போடும் என்று நம்புகிறவர்கள், அதே ஆண்டு ஜூன் 27ல் அட்லாண்டாவில் நடந்த இன்னொரு விவாதத்தைக் காட்டுவார்கள். 81 வயது ஜோ பைடன் வார்த்தை தேடித் தடுமாறியதை 5.1 கோடிப் பேர் பார்த்தார்கள். ஜூலை 21ல் அவர் போட்டியை விட்டே விலகினார். உண்மைதான். ஆனால் அங்கே மனம் மாறியது யார்? வாக்காளர் கணிப்பில் டிரம்பின் முன்னிலை கூடியது சில புள்ளிகள்தான். பைடனை மேடையிலிருந்து இறக்கியது அவருடைய கட்சித் தலைவர்களும் தேர்தல் நிதி கொடுக்கிற பெரும்புள்ளிகளும். சாதாரண வாக்காளர் ஏற்கெனவே எங்கே நின்றாரோ பெரும்பாலும் அங்கேயே நின்றார்.

இந்த நம்பிக்கைக்கெல்லாம் மூலக்கதை ஒன்று உண்டு. 1960 செப்டம்பர் 26, சிகாகோ ஸ்டுடியோ. வெயில்பட்ட முகத்தோடு ஜான் கென்னடி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில வாரங்களே ஆன, வியர்வை துடைக்கும் ரிச்சர்ட் நிக்சன். டி.வி.யில் பார்த்தவர்கள் கென்னடி பக்கம், ரேடியோவில் கேட்டவர்கள் நிக்சன் பக்கம் என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லிவருகிறார்கள். தோண்டிப் பார்த்தால் அந்த ரேடியோ கதைக்கு ஆதாரம் ஒரே ஒரு கணிப்பு, அதிலும் ரேடியோ கேட்டவர்கள் எண்ணிக்கை சொற்பம். நாடு முழுவதும் கென்னடிக்குக் கூடுதலாகக் கிடைத்தது சுமார் 1,13,000 ஓட்டு. அவ்வளவு நெருக்கமான போட்டியில் எதை வேண்டுமானாலும் காரணமாகச் சொல்லிவிடலாம். நிக்சன் மட்டும் பாடம் படித்துக்கொண்டார்: 1968லும் 1972லும் அவர் விவாத மேடை ஏறவே இல்லை. இரண்டு முறையும் ஜெயித்தார்.

மட்டாஞ்சேரிக்குப் பொருந்தும் கதை இதுவல்ல, 1976ல் நடந்தது. ஜிம்மி கார்ட்டரோடு நடந்த விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு சொல்லிவிட்டார். பார்த்து முடித்த கையோடு கேட்டபோது ஃபோர்டு தேறிவிட்டார் என்றுதான் பலர் சொன்னார்கள். மறுநாள் முழுவதும் பத்திரிகைகளும் டி.வி. செய்தியும் அந்த ஒரு வாக்கியத்தையே அரைத்த பிறகு கேட்டால், தோற்றுவிட்டார் என்றார்கள். விவாதத்தைவிட, விவாதத்தைப் பற்றி மறுநாள் நடக்கிற பேச்சுக்குத்தான் வேகம் அதிகம்.

மறுநாள் பேச்சில் கேரளத்தை மிஞ்ச ஆளில்லை. 1993ல் ஏஷியாநெட் வந்தது. 2003ல் இந்தியாவிஷன், மலையாளத்தின் முதல் 24 மணி நேரச் செய்தி சேனல். (2015ல் அது மூடிப்போனது. அதற்குள் அதன் பாணி மற்ற எல்லா சேனலுக்கும் தொற்றிவிட்டது.) இரவு எட்டு மணி ஆனால் திரையில் நான்கு சதுரங்கள்: மார்க்சிஸ்ட் ஒருவர், காங்கிரஸ்காரர் ஒருவர், பா.ஜ.க. ஒருவர். நான்காவது சதுரத்தில் அரசியல் நோக்கர் என்ற அடைமொழியோடு ஒருவர். அவர் எந்தக் கட்சியை நோக்குகிறார் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதை மட்டாஞ்சேரி பார்க்கிற விதம் வேறு. குஜராத்தி, கொங்கணி, கச்சி, உருது, தமிழ் என்று சில தெருக்களுக்குள் பத்துப் பதினைந்து மொழி புழங்குகிற பேட்டை இது. அரசியல் இங்கே டி.வி.க்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. துறைமுக வேலைக்கு உலோக வில்லைகளைக் கூட்டத்தின் மேல் வீசி, பாய்ந்து பொறுக்கியவனுக்கு வேலை என்ற சாப்பா முறையை எதிர்த்துத் தொழிலாளர்கள் திரண்டதும், 1953 செப்டம்பர் 15ல் போலீஸ் சுட்டதும் இங்கேதான். அந்தத் தொழிலாளர்களின் பேரன் கிடங்கு வாசலில் சுமை இறக்குகிறான் என்றால் அவனுக்கு ஒரு தொழிற்சங்கம் இருக்கும், சங்கத்துக்கு ஒரு கட்சி, கட்சிக்கு ஒரு பத்திரிகை. மசூதி, மாதா கோயில், தேவஸ்வம் என்று அதற்குமேல் இன்னும் சில கயிறுகள். எட்டு மணிக்கு டி.வி. முன்னால் உட்காருகிறபோது அவன் தீர்ப்புச் சொல்ல வந்த ஜூரி அல்ல. தன் கட்சிக்காரன் எதிரியை எப்படி மடக்குகிறான் என்று பார்க்க வந்த ரசிகன். கேட்ட வாதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் சாயாக் கடையில் எடுத்து வீசுவான். எதிரே இருப்பவன் பையிலும் ஒன்று இருக்கும்.

அப்படியானால் விவாதத்தால் கட்சிகளுக்கு லாபம் நஷ்டம் எதுவுமே இல்லையா? 2020 இதற்கு ஒரு பரிசோதனையாகவே அமைந்தது. தங்கக் கடத்தல் வழக்கு கொதித்துக்கொண்டிருந்த ஜூலை மாதத்தில், தங்கள் ஆட்களைப் பேசவிடாமல் குறுக்கிடுகிறார்கள் என்று சொல்லி மார்க்சிஸ்ட் கட்சி ஏஷியாநெட் நியூஸ் விவாதங்களைப் புறக்கணித்தது. அப்போது கேரளத்தின் மிகப் பெரிய செய்தி சேனல் அது. ஆளுங்கட்சி நாற்காலி காலி. கேள்விகள் காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்கப்பட்டன. அதே நாட்களில் மாலை 6 மணிக்கு இன்னொரு நிகழ்ச்சி ஓடியது: முதல்வர் பினராயி விஜயனின் கொரோனா பத்திரிகையாளர் சந்திப்பு. எதிரே வாதாட யாருமில்லை. இன்று இத்தனை பேருக்குத் தொற்று, இந்தந்த ஊர் அடைப்பு, யாரும் பட்டினி கிடக்க வேண்டாம் என்று ஒரு மூத்தவர் நிதானமாக வாசிக்கிற காட்சி. கேள்விக்கு நேரம் கடைசியில். வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஜனங்கள் அதை சீரியல் பார்ப்பதுபோல் தவறாமல் பார்த்தார்கள்.

மார்க்சிஸ்ட் கட்சி பின்னர் விவாதத்துக்குத் திரும்பியது. 2021 மே 2ல் ஓட்டு எண்ணியபோது 140ல் 99 தொகுதி இடது முன்னணிக்கு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆட்சியை மாற்றுகிற நாற்பதாண்டு வழக்கம் உடைந்தது. ரேஷன் கிட்டும் ஓய்வூதியமும் அதற்குப் பெரிய காரணம்; ஆறு மணி நிகழ்ச்சிக்கும் பங்குண்டு. எட்டு மணி விவாதத்தில் ஆளுங்கட்சி மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தது என்பதற்கு ஓட்டுப் பெட்டியில் தடயமே இல்லை. எதிர்த்துப் பேச ஆளிருக்கிற டி.வி.யைவிட, தனியாகப் பேச விடுகிற டி.வி. அரசியல்வாதிக்கு எவ்வளவோ மேல்.

இதை டில்லி முன்பே கண்டுகொண்டது. 1977 தேர்தலில் கட்சிகளுக்கு வானொலியிலும் தூர்தர்ஷனிலும் பேச நேரம் கொடுத்தபோதே ஏற்பாடு அப்படித்தான்: உரையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், ஒருவர் பின் ஒருவராக வந்து வாசித்துவிட்டுப் போக வேண்டும். நேருக்கு நேர் கிடையாது. 2009ல் எல்.கே. அத்வானி டி.வி. விவாதத்துக்கு அழைத்தார், மன்மோகன் சிங் வரவில்லை. வராதவர் ஜெயித்தார். 2024 மே 9ல் முன்னாள் நீதிபதிகள் மதன் லோகுர், ஏ.பி. ஷா, பத்திரிகையாளர் என். ராம் மூவரும் நரேந்திர மோடியையும் ராகுல் காந்தியையும் பொது விவாதத்துக்கு அழைத்துக் கடிதம் எழுதினார்கள். ராகுல் சம்மதித்தார். பா.ஜ.க. தன் இளைஞர் அணி நிர்வாகி ஒருவரை முன்னிறுத்தியது. விவாதம் நடக்கவில்லை. நடந்திருந்தாலும் மட்டாஞ்சேரிக்கு அது ஆறிய சோறு. கேரளம் ஓட்டுப் போட்டு முடித்தது ஏப்ரல் 26.

அமெரிக்க அதிபரோடு பெயரில் ஒத்துப்போகிற நம் ஜனாதிபதி பதவிக்கு விவாதத் தேவையே இல்லை. 1997ல் உழவூர்க்காரர் கே.ஆர். நாராயணனும் பாலக்காட்டு டி.என். சேஷனும் மோதினார்கள். இரண்டு மலையாளிகள் நாட்டின் முதல் நாற்காலிக்குப் போட்டியிட்டும், மட்டாஞ்சேரிக்காரருக்கு அதில் ஓட்டு இல்லை. இந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று இருந்தது. அதன் மதிப்பு 152. தேர்தல் கமிஷனராக டி.வி.யில் சேஷன் எழுப்பிய முழக்கத்தைக் கேட்டுக் கைதட்டியவர்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம், ஓட்டு இருந்தவர்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. சேஷன் டெபாசிட் இழந்தார். ஆனால் நாடாளுமன்றத் தேர்தலே அதிபர் தேர்தல் போல ஒரு முகத்தைக் காட்டி ஓட்டுக் கேட்கிற தேர்தலாகி நாளாயிற்று. அமெரிக்காவிடமிருந்து அந்த முகத்தை மட்டும் இறக்குமதி செய்தோம். எதிராளியோடு நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம்.

ஓட்டு நகராது என்றால் இதைப் பற்றிக் கவலை எதற்கு என்று கேட்கலாம். கொச்சி சட்டசபைத் தொகுதியில் (மட்டாஞ்சேரி 2011லிருந்து இதில் அடக்கம்) 2016ல் மார்க்சிஸ்ட் வேட்பாளர் கே.ஜே. மாக்சி ஜெயித்தது 1,086 ஓட்டில். இப்படியொரு போட்டியில் கட்சிக் கயிறு கட்டாத சில நூறு பேர் போதும். சிக்கல் என்னவென்றால் அந்தச் சில நூறு பேர் எட்டு மணிச் சண்டையைப் பார்ப்பவர்களில் அதிகம் இருக்க மாட்டார்கள். கட்சி வெறி இருப்பவன்தான் கட்சிச் சண்டை பார்ப்பான். மற்றவன் சீரியலுக்கோ கிரிக்கெட்டுக்கோ ரிமோட்டைத் திருப்பிவிடுவான்.

ஃபோர்ட் கொச்சி வேளியில் சலவைத் துறை நடத்தும் தமிழ்க் குடும்பங்களின் நிலை இன்னும் விசேஷம். டச்சுக்காரர் காலத்தில் பட்டாள உடுப்பு வெளுக்கக் கூட்டிவரப்பட்டவர்களின் வழி என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள். இப்படிப்பட்ட வீட்டில் தமிழ் சேனல் ஓடினால் இரவு விவாதம் முழுக்க தி.மு.க.வும் அ.தி.மு.க.வும். கேட்கிற அரசியல் சென்னையில், போடுகிற ஓட்டு கொச்சியில்.

சரி, மலையாளச் சண்டையை உட்கார்ந்து கேட்டால் மட்டும் கொச்சி அதில் வருமா? இதே தொகுதியின் தெற்குக் கடைசியில் செல்லானம். 2017ல் ஒக்கி புயலின்போது கடல் வீடுகளுக்குள் புகுந்தது. கடல் சுவர் கேட்டு 2019ல் தொடங்கிய தொடர் போராட்டம் வருடக்கணக்கில் நீண்டது. டெட்ராபாட் என்ற நாலுகால் கான்கிரீட் பாளங்களை அடுக்கும் 344 கோடி ரூபாய் திட்டம் 2022ல்தான் கட்டுமானத்துக்கு வந்தது. சுவர் வந்த இடத்தில் கடல் நின்றது. முதல் கட்டத்தில் சேராத கண்ணமாலிப் பக்கம் 2024லும் அலை வீட்டுக்குள் வந்தது. மழை உக்கிரமாகி வீட்டுக்காரர்கள் சாலையை மறித்தால் இது அன்றைய செய்தி. மாநிலத்துக்கே பொதுவான தலைப்பு தேடுகிற விவாதத்துக்கு ஒரு ஊரின் கடல் சுவர் சிறிய விஷயம். அங்கே மந்திரியின் பேச்சு, எதிர்க்கட்சித் தலைவரின் பதில், ஒரு வழக்கின் புதுத் திருப்பம் இவற்றுக்கே நேரம் போதாது. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலமாகச் சொல்லும் ஒரு விஷயம் இங்கே பலிக்கிறது: டி.வி.யால் மனிதனின் நினைப்பை மாற்ற முடிவது குறைவு, எதைப் பற்றி நினைப்பது என்பதை முடிவு செய்ய முடிவது அதிகம். மட்டாஞ்சேரி சாயாக் கடையில் காலையில் வீசப்படும் வாதம் முந்தைய இரவு எட்டு மணிக்குத் திருவனந்தபுரத்திலோ வேறெங்கோ ஒரு ஸ்டுடியோவில் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஓதம் ஏறும்போது வாசற்படி தாண்டி வரும் உப்புத் தண்ணீர் அந்தக் கடைக்கு எதிர்ச் சந்திலேயே நிற்கலாம்.

தேர்தல் வந்தால் சேனல்கள் தொகுதிக்கே வண்டியோடு வருவதுண்டு. வேட்பாளர்களை ஒரே மேடையில் ஏற்றி, சுற்றிலும் ஜனங்களை நிறுத்திக் கேள்வி கேட்க வைப்பது ஏற்பாடு. வருகிற கூட்டம் கொடியோடு வருகிறது. மைக் யார் கைக்குப் போனாலும் கோஷம்தான் வெளியே வருகிறது. சில இடங்களில் நாற்காலியும் பறந்திருக்கிறது.

கேமரா இல்லாத இன்னொரு விவாதம் கேரளத்தில் பழைய வழக்கம். குடும்ப யோகம் என்று பெயர். ஒரு வீட்டு முற்றம், அக்கம்பக்கத்து முப்பது நாற்பது குடும்பம், பிளாஸ்டிக் நாற்காலி, கட்டன் சாயா. கட்சிதான் கூட்டுகிறது, வருகிறவர்களும் பெரும்பாலும் அனுதாபிகள்தான். ஆனாலும் வேட்பாளர் ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார், நடுவில் நெறியாளர் இல்லை, சொந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிற அம்மாவுக்குத்தான் அங்கே கேட்கத் துணிச்சல் அதிகம். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், ஓடை எப்போது தூர் வாருவீர்கள், சுவர் எங்கள் வீடு வரை வருமா? பக்கத்தில் இருக்கும் வார்டு செயலாளர் குறித்துக்கொள்கிறார். வேட்பாளர் வாட்சைப் பார்க்கிறார். அடுத்த முற்றத்தில் நாற்காலி போட்டாயிற்று; எட்டு மணிக்குள் அங்கே போயாக வேண்டும்.