தமிழ் வழியே ஜப்பானியம்

இரண்டாம் ஆண்டு, பி.ஏ. வரலாறு

பிளஸ் ஒன் படிக்கும்போது, பழைய புத்தகக் கடையில் 60 ரூபாய்க்கு ஒரு ஜப்பானிய மொழிப் பாடநூல் வாங்கினேன். விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில். அதைக் கண்ட ஆசிரியர் ஒருவர், "இங்கிலீஷிலேயே முப்பத்தெட்டு மார்க்கு. உனக்கு ஜப்பான் பாஷை எதுக்குடா?" என்றார். வகுப்பே சிரித்தது; நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு பொல்லாத எண்ணம் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலம் வராதவனுக்கு வேறெந்த அந்நிய மொழியும் வராது என்னும் எண்ணம் அது. தமிழ் வழியில் பயின்று இக்கல்லூரிக்கு வந்திருக்கும் நம்மில் பலர் அதை நம்பியும் விட்டோம். அது தவறு என்பதே என் வாதம்.

அப்பாடநூலில் 'யோந்தே மிரு' என்றொரு தொடர். அதை விளக்க ஆங்கிலத்தில் அரைப்பக்கம். அகராதியோடு மல்லுக்கட்டிக் களைத்த பிறகு, சொற்களைத் தனித்தனியே பிரித்தேன். யோந்தே என்றால் படித்து; மிரு என்றால் பார். படித்துப் பார்! நம் வீட்டில் அன்றாடம் புழங்கும் பேச்சு. அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை.

அதன்பின் கதவுகள் தாமே திறந்தன. வினைச்சொல் நம்மைப் போலவே இறுதியில் வருகிறது. வேற்றுமை உருபு போன்ற சிறு சொற்கள் பெயருக்குப் பின்னால் வருகின்றன. 'மதுரை கரா சென்னை மாதே' என்றால் மதுரையிலிருந்து சென்னை வரை. அண்ணனுக்கும் தம்பிக்கும், அக்காளுக்கும் தங்கைக்கும் அவர்களிடமும் தனித்தனிச் சொற்கள். ஏழாம் வகுப்பில் தமிழையா உருபுகளை ஒப்பிக்கச் சொன்னபோது சலித்துக்கொண்டவன் நான். அவரிடம் ஒரு மன்னிப்புப் பாக்கியிருக்கிறது.

இதைச் சொன்னால் சில நண்பர்கள், "ஜப்பானியமே தமிழிலிருந்து பிறந்ததுதான்" என்று முழங்கத் தொடங்குகிறார்கள். இரு மொழிகளுக்கும் தொடர்புண்டு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) வாதிட்டது உண்மை. மொழியியலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. கொரிய மொழியிலும் துருக்கியிலும்கூட வினை கடைசியில்தான் வருகிறது. உறவினர் மட்டும்தானா நமக்கு உதவுகிறார்கள்?

தமிழ் என்னைக் கைவிட்ட இடமும் உண்டு. ஹிரகானா எழுத்துகள் 46தான். சோம்பலால் அவற்றைப் படிக்காமல், ஐந்து மாதம் தமிழ் எழுத்திலேயே குறிப்பெடுத்தேன். அவர்கள் மொழியில் 'ககி' என்றால் சாவி. இரண்டாம் எழுத்தை 'பக்கம்' என்பதில் வரும் ககரம்போல் வன்மையாக ஒலித்தாலோ அது ஒரு பழத்தின் பெயர். என் நோட்டில் இரண்டும் ஒன்றே! இரண்டு நோட்டுகளைத் திரும்ப எழுத நேர்ந்தது. தனியே கற்பவனுக்குப் பிழை சொல்ல ஆளில்லை. அதுதான் இதிலுள்ள பெருங்குறை. கான்ஜி எழுத்துகளைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். பொதுப் பயன்பாட்டுக்கென 2010இல் வெளியான பட்டியலில் 2136 உள்ளன. நான் அறிந்தவை 200கூட இரா.

ஆங்கிலத்தைத் தாண்டித்தான் பிற மொழிகளுக்குப் போக வேண்டும் என்பது நமக்கு நாமே போட்டுக்கொண்ட சுங்கச்சாவடி. பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம் எதற்கும் தமிழில் எழுதிய ஓர் அறிமுக நூல் நம் நூலகத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் இலக்கணம் பார்த்துத் தர இசைந்தால், ஜப்பானியத்துக்கு ஒரு சிறு கையேட்டை நாமே எழுதிவிடலாம். என் நோட்டுகளைத் தரச் சித்தமாயிருக்கிறேன். சாவியும் பழமும் எங்கேனும் இன்னும் கலந்து கிடந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.