சூரிய வெந்நீர்க் கருவி வாங்குவோர்க்கு

ஆற்காட்டிலிருந்து ஆரணிக்குச் செல்லும் பெருவழியில் திமிரியைக் கடப்போர் மேன்மாடங்களை நிமிர்ந்து நோக்குவாராயின், ஆங்காங்கே கண்ணாடிக் குழாய்கள் வரிசையாய்ச் சாய்ந்து வெயில் காய்வதைக் காண்பர். 1751-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஆற்காட்டைக் கைப்பற்றிய கிளைவு, அங்கிருந்து அகன்ற படையினரைத் தேடித் திமிரிக் கோட்டைப் பக்கம் வந்ததாகச் சரித்திரம் கூறும். அன்று வந்தவர் துப்பாக்கியுடன் வந்தனர். இன்று வருவோர் விலைப்பட்டியலுடன் வருகின்றனர். இவர்களுக்கும் நம் ஊரார் எளிதில் பணிந்துவிடுகின்றனர் என்பதே நம் கவலை.

விடுமுறையில் ஊர் சென்றிருந்தகாலை, இக்கருவியைப் பற்றி நம்மை வினவியோர் பலர். பெங்களூரில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய அன்பர் ஒருவர், ஆங்கே வீடுதோறும் இக்கருவி இருப்பதால் இங்கும் அதே வகையை வாங்கல் வேண்டும் என்றார். நாம் அவருக்கு உரைத்த மறுமொழியே இக்கட்டுரை. வெயில் எவ்வளவு என்று ஆராய்வதற்கு முன், தம் வீட்டு நீர் எத்தகையது என்று ஆராய்தல் வேண்டும். நம் பக்கத்தில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. கருவியின் ஆயுளை முடிவு செய்வது நீரே.

இதனை நாம் நூலிற் கற்றோமல்லோம், நஷ்டத்திற் கற்றோம். சில ஆண்டுகட்கு முன், வயது முதிர்ந்த நம் பாட்டியார் விடியற்காலையில் வெந்நீர் அடுப்பின் முன் அமர்ந்து மணிலாக்கொட்டை ஓட்டை எரித்துப் புகையில் இருமுவதைக் காணப் பொறாமல், தந்தையார் தட்டை வடிவான கருவி ஒன்றை வாங்கி மாடியில் அமைத்தார். முதலாண்டு யாவும் செம்மையாக நடந்தது. இரண்டாம் ஆண்டில் நீர் வெதுவெதுப்பாயிற்று. மூன்றாம் ஆண்டில் குளிர்ந்தே வந்தது. குழாய் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் செப்புக் குழாயை அறுத்துக் காட்டினார். உள்ளே வெண்ணிறச் சுண்ணம் படிந்து, ஒரு விரல் நுழையும் துளை ஒரு குச்சி நுழையும் துளையாகச் சுருங்கியிருந்தது. “தம்பி, வெயில் மேல் குற்றம் இல்லை, உங்கள் போர்த் தண்ணீர் செய்த வேலை இது” என்றார் அவர். பாட்டியார் மீண்டும் அடுப்படிக்குச் சென்றார். விற்றவர்கள் நம் வீட்டு நீரைப் பற்றி ஒரு வார்த்தையும் வினவியதில்லை. வினவ வேண்டும் என்று நாமும் அறிந்திருக்கவில்லை.

நிகழ்ந்தது இதுவே. ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணச் சத்து பைகார்பனேட்டு வடிவில் கரைந்துள்ளது. நீர் சூடேறியவுடன் அது பிரிந்து, கரையாத கார்பனேட்டாகிச் சுவரில் ஒட்டும். தட்டைக் கருவியில் நீர் மெல்லிய செப்புக் குழாய்களின் வழியே தானாகவே மேலேறிச் சுழல்வதால், சிறிது படிந்தாலும் ஓட்டம் தடைப்படும். பாறை நிலமாகிய நம் பக்கத்தில் இக்கடினத்தன்மை பெரும்பாலும் இயற்கையே. அதனைத் தோற்சாலைகளின் தலையில் ஏற்றுவது நியாயமன்று. ஆயினும், பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடுவதால் நிலத்தடி நீரில் உப்பு மிகுந்ததும், இராணிப்பேட்டைப் பக்கத்தில் குரோமியம் கலந்ததும் மறைக்கத்தக்கனவல்ல. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், மாசு செய்தவனே ஈடு செய்தல் வேண்டும் என்று தீர்ப்பளித்ததை நேயர்கள் அறிவர். சூரிய வெப்பம் இக்குரோமியத்தைப் போக்காது. நீரைக் கொதிக்கவைத்தாலும் போகாது. ஆதலின் இக்கருவியின் நீர் குளிக்கவும் துலக்கவும் உரியதேயன்றி, உலையில் ஊற்றுதற்கு உரியதன்று. காலையில் எரிவாயு மிச்சமாகும் என்று அந்நீரிலேயே காப்பி கலக்கும் இல்லங்களை நாம் அறிவோம்.

எனவே, கருவிக்கு முன்பணம் கொடுக்குமுன் ஒரு புட்டி நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்திலேனும் வேறு தக்க இடத்திலேனும் கொடுத்துச் சோதித்தல் வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடையாதவிடத்து 600 வரை பொறுக்கலாம் என்றும் கூறுகிறது. நம் வீட்டு நீர் 600-ஐயும் கடந்திருந்தது. இத்தகைய நீருக்குச் சாதாரணத் தட்டைக் கருவி ஆகாது. வெற்றிடக் கண்ணாடிக் குழாய்க் கருவி தகும். அதன் குழாய் அகன்றதாதலால் சுண்ணம் அடியிற் படிந்தாலும் ஓட்டம் எளிதில் அடைபடாது. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவலாம். உடைந்தால் அவ்வொன்றையே மாற்றலாம். தட்டைக் கருவிதான் வேண்டும் என்போர், தகட்டினுள் நல்ல நீர் தனியே சுழன்று, வெப்பத்தை மட்டும் தொட்டி நீருக்குக் கொடுக்கும் வகையை வாங்கலாம்; கிரயம் கூடுதலாகும்.

குழாயைப் பற்றிப் பேசும் வியாபாரிகள் தொட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. உப்பில் உள்ள குளோரைடு, எவர்சில்வர் என்று நாம் நம்பும் உலோகத்தையும் பற்றவைத்த இடங்களில் அரித்துத் துளையிடும். உட்புறம் பீங்கான் பூச்சு உள்ள தொட்டியானால், அதனுள் ஒரு மக்னீசியக் கோல் இருத்தல் வேண்டும். அக்கோல் தான் அரிந்து தொட்டியைக் காக்கும். கோல் கரைந்தபின் புதியது இடாவிடில், காவலன் மாண்ட கோட்டைபோலத் தொட்டியும் வீழும். நீரை மென்மையாக்கும் யந்திரம் வைக்கலாமே என்பர் சிலர். அவ்யந்திரத்தை அடிக்கடி உப்புநீரால் கழுவிக் கழிவை வெளியே விட வேண்டும். தோற்சாலைகள் உப்பை மண்ணில் விடுகின்றன என்று குறை கூறும் நாமே, நம் புழக்கடையில் அதனைச் செய்தல் அழகன்று என்பது நம் அபிப்பிராயம்.

எவ்வளவு பெரிய கருவி வேண்டும்? நூறு லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரத்திற்கு ஒப்பான வெப்பம் தேவை. 60 பாகை நீரில் சரிபாதி தண்ணீர் கலந்தாலே குளிக்கும் பதம் வந்துவிடும். நால்வர் ஆளுக்கு இரண்டு வாளி குளித்தாலும் 80 லிட்டர் வெந்நீரே செலவாகும். 100 லிட்டர் கருவி போதும். ஐந்நூறு லிட்டர் கருவியைப் பெருமைக்காக மாட்டிய ஒரு வீட்டில், கோடையில் நீர் கொதித்து ஆவியாக வெளியேறுவதைக் கண்டோம்.

கோடை என்றதும் பெங்களூர் அன்பர் நினைவிற்கு வருகிறார். குளிர்ந்த மேட்டு நிலமாகிய அந்நகரில் ஆண்டு முழுதும் வெந்நீர் வேண்டும். நம் ஊரிலோ சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டியின் சாதாரண நீரே கை சுடுகிறது. மெய்யாக வெந்நீர் வேண்டுவது ஐப்பசி முதல் மாசி வரை. அதிலும் வடகிழக்குப் பருவ மழையில் வானம் மூடியிருக்கும் நாட்களே அதிகம். ஆகவே, முதியோரும் குழந்தைகளும் நோயாளரும் இல்லாத வீட்டார் இக்கருவி வாங்காதிருப்பின் அதனைத் தவறென்று சொல்லமாட்டோம். வாங்கியவர்கள் மழைநாளுக்காகப் பொருத்திய மின்சாரக் கம்பியை ஆண்டு முழுதும் எரியவிடின், மிச்சம் என்பது பெயரளவில்தான்.

அமைக்கும் இடம் பற்றிச் சில. கருவி தெற்கு நோக்கிச் சாய்ந்திருத்தல் வேண்டும். தண்ணீர்த் தொட்டி வெந்நீர்த் தொட்டிக்கு மேலே இருத்தல் வேண்டும். குளியலறைக்கு 20 மீட்டர் குழாய் ஓடினால், அரை அங்குலக் குழாயிலேயே ஒவ்வொரு முறையும் மூன்றரை லிட்டர் ஆறிய நீரைக் கீழே விட்ட பின்னரே வெந்நீர் வரும். குழாய் வற்றி வெயிலில் காய்ந்திருக்கையில், நடுப்பகலில் தண்ணீரைத் திறந்துவிட்டால் கண்ணாடி வெடித்துவிடும். அந்தி சாய்ந்தோ விடியுமுன்போ நிரப்புதலே முறை. மோட்டார் ஓடாத நாட்கள் உள்ள நம் ஊரில் இதனை வீட்டுப் பெண்மக்கள் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில் ஆடவர் பகலில் வீட்டில் இருப்பதில்லை.

மானியம் உண்டோ என வினவுவோர்க்கு ஒன்று. இக்கருவிகட்கு மத்திய அரசு அளித்துவந்த உதவி 2014-இல் நின்றது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தின் மானியம், மின்சாரம் ஆக்கும் தகடுகட்கே உரியது. இரண்டையும் ஒன்றெனக் காட்டிக் கையொப்பம் வாங்குவோர் உளர்.

நம் இல்லத்தில் இப்போது 100 லிட்டர் கண்ணாடிக் குழாய்க் கருவி உளது. மூன்று திங்களுக்கு ஒருமுறை அப்பெரியவர் வந்து குழாய்களைக் கழற்றி, அடியில் திரண்ட வெண்பொடியை ஒரு தாளில் கொட்டிப் பாட்டியாரிடம் காட்டுகிறார். சென்ற முறை அது ஒரு கைப்பிடி இருந்தது.