திறமை யாருடைய சொத்து?

இயந்திரம் வரட்டும், எதிர்ப்பாரில்லை. ஆனால் அதன் ஆதாயம் யார் வீட்டுக்குப் போகிறது என்று கேட்கத்தானே வேண்டும்?

கோவையிலும் அம்பத்தூரிலும் எஃகைக் குடைந்து டை செய்யும் தொழிலாளி, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகையும் பொறுக்காதவன். ஆண்டுக்கணக்கில் பழகிப் பெற்ற திறமை அது! இன்றோ வெட்டும் பாதையைக் கணிப்பொறி வகுக்கிறது. செயற்கை நுண்ணறிவு அதற்கு வேகம் கூட்டுகிறது.

இந்தக் கதை பழையது. 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி., விமானப்படையின் பணத்தில், துளையிட்ட நாடாவால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தைக் காட்டியது. தொழிலாளியின் கையசைவையே பதிவுசெய்து இயக்கும் முறை அதற்கு முன்பே இருந்தது, அது ஓரங்கட்டப்பட்டது. கடிவாளம் தொழிலாளி கையில் இருப்பதை நிர்வாகங்கள் விரும்பவில்லை என்கிறார் வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள்.

கற்றுக்குட்டியின் சின்ன வேலைகளை இயந்திரம் விழுங்கிவிட்டால், நாளைய மேஸ்திரி எங்கிருந்து வருவான்?

சட்டம் காக்குமா? ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெறவேண்டிய வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்திய சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆலைகளுக்கு அந்தக் கேடயமும் போயிற்று!

ஆகவே, புதிய இயந்திரத்தோடு பயிற்சியும், ஊதிய உயர்வும், வேலைப் பாதுகாப்பும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டு வரட்டும். தொழிற்சங்கங்கள் இன்றே கேட்கவேண்டியது இதைத்தான்.