ஊசி ஏந்திய கை யாருடையது?

ஆடை வடிவமைப்பைப் போட்டியாக்கிக் காட்டும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை இன்று நம் குடாநாட்டு இளைஞரும் விரும்பிப் பார்க்கின்றனர். எந்தப் பருவம் சிறந்தது, எவர் வெற்றி நேரியது என வாதிடுவோரும் உளர். ஒப்பிடுதல் நன்றே. ஆயின், ஆடையின் எழிலை மட்டும் அளந்து ஒப்பிடுதல் அரைகுறையான திறனாய்வு. அதனைத் தைத்தவர் யார், அதன் பயனைக் கொண்டவர் யார் என்னும் இரு வினாக்களையும் கேட்டே பருவங்களைச் சீர்தூக்க வேண்டும் என்பது நம் கட்சி.

'புரொஜெக்ட் றன்வே' 2004 டிசம்பரில் தொடங்கியது. போட்டியாளரை நியூயோர்க்கின் பலசரக்கு அங்காடி ஒன்றுக்குள் விட்டு, 50 டொலருக்குப் பொருள் வாங்கி ஆடை செய்யுமாறு பணித்தனர். ஒஸ்ரின் ஸ்கார்லெற் என்பவர் சோளப்பொத்தியின் மடல்களைக் கொண்டு ஆடை செய்து அச்சுற்றில் வென்றார். 2008இல் ஐந்தாம் பருவமும் இதே சோதனையுடன் தொடங்கிற்று. அங்கே வடிவமைத்தவரே வெட்டினார்; அவரே தைத்தார். பிழைத்த தையலைப் பிரித்து மீண்டும் தைத்த கைகளையும் நாம் கண்டோம்.

பயனோ வேறு கதை. முதற் பருவத்தில் வென்ற ஜே மக்கரொல், தம் எதிர்காலத் தொழிலில் தயாரிப்பாளருக்குப் பங்கு கோரிய ஒப்பந்த விதியை ஏற்க மறுத்து, 100,000 டொலர் பரிசைக் கைவிட்டார். பரிசு என்ற பெயரால் உழைப்பைப் பல்லாண்டுக்கு அடகு வாங்கும் தந்திரத்தை அம்மறுப்பு வெளிப்படுத்தியது. எழிலை மட்டும் அளப்போர் இதனைப் பேசுவதில்லை.

2020இல் அமேசன் நிறுவனம் 'மேக்கிங் த கட்' என்னும் தொடரை வெளியிட்டது. முன்னைய தொடரின் ஹைடி குளூமும் ரிம் கன்னும் இதிலும் தோன்றினர். பரிசு 10 இலட்சம் டொலராயிற்று. வென்ற ஆடை உடனே அமேசனில் விற்பனைக்கு வந்தது. போட்டியே கடைக்கு முகப்பாகிவிட்டது. அன்றியும், வடிவமைப்பாளர் குறிப்பெழுதி வைத்துவிட்டு உறங்கச் செல்ல, தையற் பெண்கள் இரவோடிரவாகத் தைத்து வைத்தனர். காலையில் ஆடை இருந்தது, தைத்தவர் இல்லை.

இரவிலே பஞ்சின் செத்தையைப் புடைக்க எழுந்த பருத்திப் பெண்ணையும் அவளது சிறு விளக்கையும் புறநானூற்றுப் புலவர் பாட்டிலே வைத்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்த இரவு உழைப்பு இத்துணைக் கமராக்களுக்குத் தெரியவில்லையே, ஏன்?

"கட்டடக் கலைஞர் கல் அடுக்குவதில்லையே, வேலைப் பிரிவினை குற்றமா?" என்பர் சிலர். வேலையைப் பிரித்தல் குற்றமன்று. பிரித்தபின் ஒருவர்க்குப் பெயரும் பணமும், மற்றவர்க்கு இருளும் எனப் பங்கிடுவதே குற்றம். அப்பங்கீடு தொலைக்காட்சியோடு நிற்பதுமில்லை. 2013இல் வங்காளதேசத்தின் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்குத் தைத்த ஆடைகளில் மேனாட்டு நிறுவனங்களின் பெயர்களே இருந்தன.

நம் நாட்டின் கதையும் இதுவே. கட்டுநாயக்க வர்த்தக வலயம் 1978இல் திறக்கப்பட்டது. தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்து 2011இல் அங்குத் தொழிலாளர் திரண்டபோது பொலிசார் சுட்டனர். றொஷேன் சானக்க என்னும் இளந்தொழிலாளி உயிரிழந்தார். அச்சட்டமூலம் பின்னர் கைவிடப்பட்டது. போர் முடிந்தபின் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. போரில் யாவும் இழந்த குடும்பங்களின் பெண்கள் இன்று அங்கே தைக்கின்றனர். நம் வகுப்பறைகளிலிருந்து நாளை அவ்வாயிலுக்குச் செல்லும் மாணவியரும் உளர்.

ஆகவே ஆசிரியர்களே, மாணவர்களே, இத்தொடர்களைப் பார்க்க வேண்டாம் என்று நாம் தடுக்கவில்லை. பாருங்கள், ஒப்பிடுங்கள். சோள மடலை ஆடையாக்கிய கற்பனையை மனமாரப் பாராட்டுங்கள். ஆனால் அடுத்த முறை எந்தப் பருவம் உயர்ந்தது என்ற பேச்சு எழும்போது, தைத்தவளுக்கு அதில் என்ன பெயர், என்ன கூலி என்று கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை சொல்ல இயலாத பருவத்தை உயர்ந்ததென நாம் ஏற்கமாட்டோம்.