யார் மெழுகுவது?

மண் வீட்டின் மீது எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. சரியாகச் சொன்னால் வீட்டின் மீது அல்ல, அதைப் பற்றி நாம் பேசுகிற விதத்தின் மீது. நாம் என்று நான் சொல்வது, பகலில் புரோகிராம் எழுதி இரவில் நாவல் படிக்கும் என் கூட்டத்தை. பெங்களூரில் ஒரு அபார்ட்மென்ட் வாங்குகிறோம். அப்புறம் ஊருக்கு வெளியே அரை ஏக்கரில், சனி ஞாயிறுக்கு என்று ஒரு மண் வீடு கட்டுகிறோம். அங்கே காரில் போய் இறங்கி, இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று படம் போடுகிறோம். இரண்டாவது வீட்டை எந்த மண்ணில் கட்டினாலும் அது இரண்டாவது வீடுதான். பாதி வருஷம் பூட்டிக் கிடக்கும் சுவருக்குப் பசுமை என்று பெயர் வைக்கக் கொஞ்சம் கூச்சமாவது வேண்டாமா?

நானும் அந்தக் கூட்டம்தான். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் அப்பா அம்மாவுக்கு வீடு கட்டுவது என்று முடிவானபோது, போனில் சேர்த்து வைத்திருந்த மண் வீட்டுப் படங்களை அப்பாவிடம் காட்டினேன். செம்மண் சுவர், சாணி மெழுகிய தரை, மூங்கில் ஜன்னல். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இத யாருய்யா மெழுகுறது? ஒங்கம்மாவா?"

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "மண்ணு வீட்ட விட்டு வெளிய வர எனக்கு முப்பது வருசம் ஆச்சு. ஒங்க பெரியத்தைக்குக் கால் எப்படிப் போச்சுன்னு நெனச்ச? ஐப்பசி மழையில சுவரு விழுந்துதான்."

எனக்கு அது தெரியாது. அத்தை நொண்டி நடப்பதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் காரை வீடு வசதியானவர்களுடையது. மண் சுவரும் பனை ஓலையும் எங்கள் தெருவுடையது. மழை முடிந்தால் கரைந்த சுவருக்கு மண் குழைத்து அப்ப வேண்டும், வாரா வாரம் தரை மெழுக வேண்டும், ஓலை மக்கினால் மாற்ற வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதி அம்மாவும் அத்தைகளும் செய்தது. எந்தப் பசுமைச் சான்றிதழும் அந்த இடுப்பு வலிக்கு மதிப்பெண் போடப்போவதில்லை. வேறொருத்தியின் கூலியில்லா உழைப்பில் நிற்கிற வீட்டை நிலைத்த வீடு என்று சொல்வது கணக்கில் செய்கிற மோசடி.

சரி, உணர்ச்சியை விடுவோம். மண்ணையே பார்ப்போம். கி.ரா.வைப் படித்துவிட்டுக் கரிசலைக் காதலிக்கிறோமே, கரிசல் எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்டிருக்கிறோமா? நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அமுக்கிச் செய்யும் மண் கல்லுக்கு மணல் கலந்த, களி குறைந்த மண் வேண்டும். ஆக, கரிசல் காட்டில் படத்தில் இருப்பது போன்ற வீடு வேண்டுமென்றால் செம்மண்ணை எங்கிருந்தோ லாரி லாரியாக அள்ளி வர வேண்டும். எவனோ ஒருவனின் நிலத்தில் பள்ளம் தோண்டி, டீசல் எரித்து, இயற்கை வீடு!

ஒரு வீட்டுக்கான பொருளெல்லாம் ஐந்து மைல் சுற்றளவில் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னதை லாரி பேக்கர் நினைவுகூர்ந்திருக்கிறார். இதை மேற்கோள் காட்டாத பசுமைக் கட்டுரை அபூர்வம். ஆனால் பேக்கர் செய்தது மண்ணைக் கும்பிடுவது அல்ல. திருவனந்தபுரத்தில் பாறைச் சரிவில் தன் வீட்டைக் கட்டியபோது சரிவை வெட்டித் தட்டையாக்காமல், அதன் போக்கில் அறைகளை ஏற்றினார். இருக்கிற இடத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். எங்கள் இடத்தைப் பார்த்தால் என்ன தெரிகிறது? தூத்துக்குடியில் அனல்மின் நிலையம் இருக்கிறது. நிலக்கரி எரிந்த சாம்பலில் செய்த கல் எங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. அழகில்லைதான், படத்துக்கு ஆகாது. ஆனால் அது ஏற்கெனவே கிடக்கிற கழிவு. அந்தக் கல்லைப் பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் வைத்தோம். கல்லைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விடுகிற முறை. கல் சுமார் 25 சதவீதம் மிச்சம், உள்ளே நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். கொத்தனார் முதல் இரண்டு நாள் முறைத்தார், மூன்றாம் நாள் பழகிவிட்டார்.

அடுத்து வெயில். தெற்கே பெரிய கண்ணாடி ஜன்னல் வை என்கிற யோசனையை இணையத்தில் நிறைய பார்க்கலாம். அது குளிர்நாட்டுக்காரன் தன் ஊருக்கு எழுதியது. கோவில்பட்டி 9 டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. சித்திரைப் பிறப்பையொட்டி நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அங்கிருந்து ஆகஸ்ட் கடைசி வரை வடக்குப் பக்கம்தான் நிற்கும். தெற்கு வெயிலை இரண்டடி சன்ஷேடு பார்த்துக்கொள்ளும். சாயங்காலம் நாலு மணிக்குத் தாழ வந்து அடிக்கிற மேற்கு வெயிலை எந்த சன்ஷேடும் தடுக்காது. அதனால் மேற்கே படுக்கையறை வைக்கவில்லை. கழிவறை, மாடிப்படி, சாமான் அறை. ஒரு வேம்பும் வைத்தோம், சுவரிலிருந்து முப்பது அடி தள்ளி. கரிசலில் மரம் பக்கத்தில் இருந்தால் வேர் ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கி, அஸ்திவாரம் விரியும். வீட்டை ஒட்டி மரம் நடு என்பதுகூட எல்லா ஊருக்கும் பொதுவான அறிவுரை கிடையாது.

அப்பாவிடம் தோற்றது கூரையில். ஓடு வேண்டாம், கான்கிரீட்தான் என்றார். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் சுமார் 7, 8 சதவீதம் சிமென்ட்டிலிருந்து வருகிறது என்று சொன்னேன். "அதுக்கு நானா கெடச்சேன்?" என்றார். ஒழுகிய கூரைக்குக் கீழே சட்டி வைத்து வளர்ந்தவரிடம் எனக்குப் பதில் இல்லை. கான்கிரீட்டே போட்டு, மேலே தட்டோடு பதித்து, வெள்ளை அடித்தோம்.

ஜெயித்தது அளவில். பொங்கலுக்கு எல்லோரும் வந்தால் தங்க மாடியோடு நாலு அறை வேண்டும் என்றார். மூன்று நாள் கூட்டத்துக்காக 362 நாள் வெறும் அறையைக் கூட்டிப் பெருக்குவது யார் என்று நான் கேட்டேன். இந்த முறை அம்மா என் பக்கம். 2,000 சதுர அடி 900 ஆனது. நாங்கள் செய்ததிலேயே பெரிய சுற்றுச்சூழல் வேலை இதுதான், இதைப் படம் பிடிக்க முடியாது. கட்டாத அறைக்குச் சிமென்ட் இல்லை, கம்பி இல்லை, ஃபேன் இல்லை. அந்த 900 சதுர அடி மொட்டைமாடியில் 700 மில்லிமீட்டர் மழை பெய்தால் 58,000 லிட்டருக்கு மேல். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமானது. எத்தனை வீட்டுக் குழாய்கள் வெறும் ஜல்லிக் குழியில் பெயருக்கு முடிகின்றன என்பதை உங்கள் தெருவில் நடந்தே பார்க்கலாம். எங்கள் குழாய் தரைத்தொட்டியில் முடிகிறது.

சோலார் பேனலை நான் எதிர்க்கவில்லை. அது கடைசியில் வர வேண்டியது. முதலில் எத்தனை பேர், எவ்வளவு இடம், என்ன மண், எந்தப் பக்கம் வெயில், யார் பெருக்குவது. இவற்றுக்குப் பதில் இல்லாமல் வாங்குகிற பேனலும் பூசுகிற செம்மண்ணும் வெறும் மேக்கப்.

அடுத்த முறை ஒரு மண் வீட்டுப் படத்தைப் பகிரும்போது ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: அந்தத் தரையை யார் மெழுகுகிறார்கள், அவர்களுக்கு என்ன சம்பளம்.